கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டால்: ஏறும் துறைமுகத்திலும் நடுவழியிலும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்து (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பதினைந்து, இருபது பேரைச் சேர்த்துக் கப்பல் பயணம் கூட்டிப்போகிறேன். பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், கூடவே பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். இதுவரை இரண்டு முறை எங்கள் ஆட்களைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் போயிருக்கிறது. ஒரு முறை ஏறுவதற்கு முன்பே, இங்கே பூலாவ் இண்டாவில். இன்னொரு முறை நடுவழியில், தாய்லாந்தின் பூக்கெட்டில். இரண்டு முறையும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான்தான்.

எது முதலில், எது அடுத்து என்று தெரியாமல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு.

1. இது எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஏறும் துறைமுகத்திலேயே கப்பலைத் தவறவிட்டால் போவது பணம். பெட்டி கையில் இருக்கும், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கையில் இருக்கும், வீடு பக்கத்தில் இருக்கும். நடுவில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஊரில் தவறவிட்டால் கதையே வேறு. துணிமணி, மருந்து, சில சமயம் கடப்பிதழ் எல்லாம் கப்பலோடு போய்விடும். நீங்கள் அரைக்கால் சட்டையோடு வெளிநாட்டில் நிற்பீர்கள்.

இரண்டுக்கும் கூப்பிட வேண்டிய ஆட்கள் வேறு, செய்ய வேண்டிய வரிசையும் வேறு. 2 முதல் 4 வரை உள்ளது முதல் வகைக்கு. 5 முதல் மற்றதுக்கு. அவசரத்தில் இருப்பவர்கள் நேராக 9-க்குப் போங்கள்.

2. வீட்டில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு தாத்தாவின் கடப்பிதழில் 4 மாதம்தான் பாக்கி இருக்கும். பணம் கட்டும் அன்றே வாங்கிப் பார்த்துவிடுவேன்.

குடும்பத்தில் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருப்பவரோ இந்தியக் கடப்பிதழில் வரும் மருமகளோ இருந்தால் அவர்களுக்குத் தனிக் கணக்கு. நீல ஐசிக்காரர்கள், அதாவது மலேசியக் குடிமக்கள், சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகலாம். அந்தப் பழக்கத்தில் அவர்களையும் அப்படியே கூட்டிப்போய்விடுகிறோம். உதாரணமாக, இந்தியக் கடப்பிதழுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அதோடு, கப்பலோடு வந்து கப்பலோடு திரும்புகிறவருக்கு ஒரு விதி, அதே ஊரில் இருந்து தனியாக விமானம் ஏறுகிறவருக்கு வேறு விதி என்று இருக்கலாம். விடுபட்டால் எப்படித் திரும்புவார் என்று அவருக்கு மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கப்பல் பயணம் இந்த பாலிசியில் சேர்ந்திருக்கிறதா? சில பாலிசிகளில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். புறப்பாட்டைத் தவறவிட்டால் எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் வரும்? பஸ் பழுது, விபத்து, மோசமான வானிலை என்று எழுதியிருப்பார்கள். கடைத்தெருவில் நேரம் போனது தெரியவில்லை என்பதற்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

கடைசியாக, கப்பல் நிறுவனத்தின் புறப்பாட்டு நாள் அவசர எண். அதைத் தாளில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் செத்த நேரத்தில்தான் தேவைப்படும்.

3. எந்தத் துறைமுகம், எந்த வாசல்

எங்கள் முதல் கூத்து இங்கேதான் நடந்தது. வேன் ஓட்டிவந்த தம்பி போனின் வழிகாட்டிச் செயலியில் 'போர்ட் கிள்ளான்' என்று மட்டும் அடித்திருக்கிறார். அது அவர்களைப் பூலாவ் கெத்தாம் போகும் படகுத்துறைக்குக் கொண்டுபோய்விட்டது, கேடிஎம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பெரிய உல்லாசக் கப்பல்கள் நிற்பது பூலாவ் இண்டாவில் உள்ள குரூஸ் டெர்மினலில். பெயர் ஒன்றுதான், இடம் வேறு. பாலம் தாண்டிப் போக வேண்டும். அந்தச் சாலை வெஸ்ட்போர்ட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையும்கூட. ஒரு லாரி படுத்துவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் உட்கார வேண்டியதுதான். பொதுப் போக்குவரத்தை நம்பிப் போகிற இடமும் இல்லை. ரயிலில் போய் இறங்கி நடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரில் இரண்டு டெர்மினல். ஒன்று மரினா பே குரூஸ் சென்டர், மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம். மற்றது ஹார்பர்ஃபிரண்ட்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மரினா சவுத் பியர் என்ற பெயரில் சின்னப் படகுகளுக்கு ஒரு தனித் துறை உண்டு, அதில் போய் நிற்காதீர்கள்.

பினாங்கில் சுவெட்டன்ஹம் பியர், ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே. இதில் குழம்பியவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் ரயிலில் பட்டர்வொர்த் வரை வருகிறவர்கள் ஃபெரிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எப்போது கிளம்புவது? சாலை காலியாக இருந்தால் எங்கள் ஊரில் இருந்து பூலாவ் இண்டா ஒன்றரை மணி நேரம். நான் நான்கு மணி நேரம் வைக்கிறேன். பசியாறிவிட்டுப் போகலாம் என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள், காப்பார் தாண்டுவதற்குள் ஒருவருக்கு வயிறு கலக்கும், எல்லாம் சேர்த்துத்தான் நான்கு. சிங்கப்பூர் என்றால் முதல் நாளே போய் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ தங்கிவிடுங்கள். பாலத்து நெரிசலை யாராலும் கணிக்க முடியாது. பள்ளி விடுமுறையில் சொல்லவே வேண்டாம். சிங்கப்பூர் வருகை அட்டையை 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு இருபது பேருக்கு நான் நிரப்பியிருக்கிறேன், பகைவனுக்கும் அந்த வேலை வேண்டாம்.

4. கவுண்டர் மூடிவிட்டால்

கப்பல் 5 மணிக்குக் கிளம்புகிறது என்றால் 5 மணி வரை ஏறலாம் என்று நினைப்பது முதல் முறை வருகிறவர்களின் பொதுத் தவறு. பதிவுக் கவுண்டர் 1 மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னாலேயே மூடிவிடும், சில கப்பல்களில் அதற்கும் முன்னால். ஏறியவர் பட்டியலைக் குடிநுழைவுத் துறைக்குக் கொடுத்து முடித்த பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. எங்கள் வேன் வந்தபோது கப்பல் கண்ணெதிரே நின்றது, மேல்தட்டில் பாட்டுச் சத்தம்கூடக் கேட்டது. மூடி 20 நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

அதனால் சாலையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். வாசலுக்கு வந்து கெஞ்சிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதலில் அவசர எண், அடுத்து டிக்கெட் போட்ட ஏஜென்ட். முன்பதிவு எண், எத்தனை பேர், இப்போது எங்கே, எத்தனை மணிக்கு வருவீர்கள், இவ்வளவு போதும். மாமியார் கதை வேண்டாம். கவுண்டரில் இருப்பவருக்கு நீங்கள் வருவது முன்பே தெரிந்தால் பட்டியலை அனுப்பும் முன் கொஞ்சம் பொறுப்பதற்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. தெரியாவிட்டால் அதுவும் இல்லை.

உண்மையிலேயே போய்விட்டால், டெர்மினலை விட்டு நகரும் முன் மூன்று வேலை. ஒன்று, நீங்கள் வந்தீர்கள், ஏற்றவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி. இரண்டு, அடுத்த துறைமுகத்தில் ஏற முடியுமா என்று கேளுங்கள். இதற்குக் கப்பலின் அனுமதியும் அந்த ஊர்க் குடிநுழைவு அனுமதியும் வேண்டும். அடுத்தது பினாங்குதானே, காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அனுமதி வாங்காமல் ஓடாதீர்கள், அங்கேயும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். மூன்று, தாமதத்துக்கான ஆதாரம். பழுது என்றால் இழுவை வண்டி ரசீது, விபத்து என்றால் போலீஸ் புகார். இன்சூரன்ஸ்காரர் பிறகு இதைத்தான் கேட்பார்.

பயணக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. துறைமுக வரி, கட்டணம் என்று டிக்கெட்டில் தனியாகப் போட்ட தொகை வரலாம். கேட்டால்தான் வரும், தானாக யாரும் அனுப்ப மாட்டார்கள்.

5. கப்பல் நேரம் எது, ஊர் நேரம் எது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

பூக்கெட்டில் நேரம் நம்மைவிட 1 மணி பின்னால். சுமத்ராவிலும் அப்படியே. கொழும்பு இரண்டரை மணி பின்னால். லங்காவி, பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் ஒரே நேரம். நம் பக்கத்தில் இருந்து கிளம்பும் கப்பல் பயணம் முழுக்க நம் நேரத்தையே வைத்துக்கொள்ளலாம், இல்லை ஊருக்கு ஊர் மாற்றலாம். அது கப்பலின் முடிவு. தினமும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பல் செயலியிலோ எழுதியிருப்பார்கள்.

பிரச்சினை போனில் வருகிறது. கப்பலில் இருக்கும்போது கடல் ரோமிங் பில்லுக்குப் பயந்து விமானப் பயன்முறையில் போட்டுவிடுகிறோம், அதனால் போன் மலேசிய நேரத்தையே காட்டுகிறது. கரையில் இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் அது யாரையும் கேட்காமல் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. கப்பல் மலேசிய நேரத்திலேயே இருந்து, 5.30-க்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால், போனில் 4.30 ஆகும்போதே நேரம் முடிந்தது. போன் 5 காட்டுகிறது, இன்னும் அரை மணி இருக்கிறது என்று இளநீர் குடிக்கிறவர் ஏற்கனவே அரை மணி நேரம் தாமதம். எங்கள் அண்ணனும் அண்ணியும் விடுபட்டது இப்படித்தான். அவர் ஒன்றும் பொறுப்பில்லாத ஆள் இல்லை, போனை நம்பினார், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது எளிது. சாவி கொடுக்கும் கடிகாரமோ பேட்டரி கடிகாரமோ, போனோடு தொடர்பில்லாத ஒரு கைக்கடிகாரம் கட்டுங்கள். இறங்கும் முன் கப்பல் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்து அதே நேரத்தை வையுங்கள், கரையில் தொடவே தொடாதீர்கள். போனில் தானாக நேரம் மாறும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இறங்கும் வாசலில் திரும்ப வேண்டிய நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படம் எடுத்துக் குழுவின் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுவிடுங்கள்.

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் வாசித்து ஆள் எடுப்பது) ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாத எங்கள் தாத்தாக்கள் யாரும் கப்பலைத் தவறவிட்டதில்லை. கையில் இரண்டு போன் வைத்திருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

6. கரைக்கு எடுத்துப்போகும் பை

கப்பல் போய்விட்டால் இந்தப் பையை வைத்து இரண்டு நாள் ஓட்ட முடியுமா? அப்படி யோசித்துக் கட்டுங்கள்.

கடப்பிதழை வெளியே எடுத்துப்போகலாமா என்பது கப்பலைப் பொறுத்தது. சில கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் கொடுத்திருந்தால் எடுத்துப்போங்கள், இல்லையென்றால் படப் பக்கத்தின் நகலும் ஐசியும். அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு இறங்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். திருடனிடம் இருந்து பாதுகாப்புதான், கப்பல் கிளம்பிவிட்டால் அதே பெட்டகம் உங்கள் கடப்பிதழைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விடும்.

ஏறும்போது கொடுத்த கப்பல் அட்டை. வங்கி அட்டை ஒன்று, கொஞ்சம் ரொக்கம். பவர் பேங்க். இரண்டு நாளுக்கான மருந்து: பிரஷர், சர்க்கரை, இதயம், எதுவானாலும். எங்கள் அண்ணியின் இன்சுலின் அறை ஃபிரிட்ஜில் இருந்தது, மருத்துவர் சீட்டின் படம் மகள் போனில் இருந்ததால் பூக்கெட்டின் படோங் கடற்கரைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வாங்க முடிந்தது. சீட்டைப் படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிகழ்ச்சித் தாளில் கீழே சின்ன எழுத்தில் துறைமுக ஏஜென்ட்டின் பெயரும் எண்ணும் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊரில் கப்பலின் ஆள் அவர்தான், கப்பல் போன பிறகு உங்களுக்கு உதவப்போகிற ஒரே ஆளும் அவர்தான். தாளையே மடித்துப் பையில் வையுங்கள்.

குடும்பம் இரண்டாகப் பிரிந்து சுற்றப் போகிறது என்றால் இரண்டு பக்கமும் இந்தப் பொருட்கள் இருக்க வேண்டும். எல்லாருடைய கடப்பிதழும் அப்பாவின் பையில், அப்பா மசாஜ் கடையில், பிள்ளைகள் துறைமுகத்தில் என்று ஒரு முறை நடந்தது.

7. திரும்பும் நேரத்தைக் கணக்குப் போடுவது

திரும்ப வேண்டிய நேரம் என்பது கப்பல் படி ஏற வேண்டிய கடைசி நேரம், துறைமுக வாசலுக்கு வருகிற நேரம் கிடையாது. கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடமோ 1 மணி நேரமோ முன்னால் இருக்கும். நான் அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னால் எங்கள் ஆட்களைச் சேர்ப்பேன்.

படோங்கில் கப்பல் கரையில் நிற்காது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்குவார்கள். அங்கே கடைசிப் படகின் நேரம்தான் உங்கள் நேரம். அந்தப் படகுக்கு நூற்றுக்கணக்கான பேர் வெயிலில் நிற்பார்கள், அலை எழும்பினால் படகும் தாமதிக்கும். கடைசிப் படகுக்கு முந்தின இரண்டு மூன்று படகுகளைக் குறிவையுங்கள்.

வெளியே சுற்றுவதில் இரண்டு வகை. கப்பலிலேயே பணம் கட்டிப் போகும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும், முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக விதியில் எழுதியிருப்பார்கள் (வாங்கும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்). வெளியே நாமே பேரம் பேசிப் பிடித்த வேன் தாமதமானால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும், தெரியும். பக்கத்தில் சுற்றுவதற்கு வெளி வேன் பிடியுங்கள், தப்பில்லை. பீபீ தீவு மாதிரி கடல் தாண்டிப் போகிற இடம் என்றால் கப்பல் சுற்றுலா மட்டும், இல்லாவிட்டால் அந்த ஆசையை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். வேகப் படகு ஒன்று பழுதானால் திரும்பி வர வேறு வழி கிடையாது.

ஏன் காத்திருக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கோபப்படுவார்கள். கப்பலை வெளியே வழிநடத்தும் துறைமுக பைலட்டுக்கு நேரம் குறித்தாகிவிட்டது, நிற்கும் இடத்துக்கு மணிக் கணக்கில் கட்டணம், சில ஊர்களில் கடல் ஏற்றம் இறக்கம் பார்த்துத்தான் வெளியே வர முடியும், இழந்த நேரத்தைப் பிடிக்க வேகம் கூட்டினால் எண்ணெய்ச் செலவு. இத்தனையும் இரண்டு பேருக்காக யாரும் செய்ய மாட்டார்கள்.

8. தாமதமாகப் போகிறோம் என்று தெரிந்த நிமிடம்

கப்பல் இன்னும் கரையில் இருக்கிறது, நீங்கள் நெரிசலில் இருக்கிறீர்கள். இந்த அரை மணி நேரம்தான் தங்கம், இதைத்தான் எல்லாரும் டிரைவரைத் திட்டி வீணாக்குகிறார்கள்.

முதல் அழைப்பு துறைமுக ஏஜென்ட்டுக்கு. வெளிநாட்டில் இருந்து கூப்பிடும்போது நாட்டு எண்ணோடு அடிக்க வேண்டும்: தாய்லாந்துக்கு +66, இந்தோனேசியாவுக்கு +62, சிங்கப்பூருக்கு +65, மலேசியாவுக்கு +60. உள்ளூர் எண்ணின் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். இதில் தடுமாறிப் பத்து நிமிடம் இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கப்பலில் இருக்கும் உங்கள் ஆளுக்கு. அவர் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வரவேற்புக் கவுண்டருக்குப் போ, அறை எண் சொல், பெட்டகத்தில் இருக்கும் கடப்பிதழையும் மருந்தையும் எடுத்து, படியைத் தூக்கும் முன் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுக்கச் சொல். அவரும் இறங்கி உங்களோடு நிற்க வேண்டாம். அண்ணனின் மகள் அழுதுகொண்டே இறங்கப் பார்த்தாள், நான் பிடித்து நிறுத்தினேன். கப்பலுக்குள் ஒரு ஆள் இருப்பது கரையில் மூன்று பேர் இருப்பதைவிட உதவும்.

உங்கள் ஆள் யாரும் கப்பலில் இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். வாசலில் அட்டையைத் தேய்த்துத்தானே இறங்கினீர்கள், யார் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பெரட்டில் பெயர் வாசிப்பது போல ஒலிபெருக்கியில் பெயரும் அறை எண்ணும் சொல்வார்கள். பதில் வராவிட்டால் அறைக்குப் போய்க் கடப்பிதழைத் தேடி ஏஜென்ட்டிடம் விட்டுப் போவது பல கப்பல்களில் உள்ள வழக்கம். அது பெட்டகத்தில் இருந்தால் கண்டுபிடிப்பார்கள், அழுக்குத் துணிக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தால் சந்தேகம்தான்.

9. கப்பல் போய்விட்டது: முதல் ஒரு மணி நேரம்

துறைமுகத்தை விட்டு நகராதீர்கள். ஏஜென்ட் அங்கேதான் வருவார், கடப்பிதழ் அவர் கையில்தான் இருக்கும். விமான நிலையத்துக்கு ஓடிவிட்டால் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேட வேண்டும்.

படகு பிடித்துத் துரத்தலாம் என்று யாராவது சொல்வார்கள், காசுக்கு ஆளும் கிடைக்கும். வேண்டாம். கிளம்பிய கப்பல் வழியில் ஆள் ஏற்றாது.

கடப்பிதழ் கைக்கு வந்துவிட்டதா? வந்த பிறகே விமான டிக்கெட் வாங்குங்கள். பதற்றத்தில் முதல் வேலையாக டிக்கெட்டை வாங்கிவிட்டு, கடப்பிதழ் வராமல் அதையும் இழப்பது நான் பார்த்ததிலேயே செலவான தவறு.

அடுத்தது குடிநுழைவு. கப்பல் பயணிகளை மொத்தமாகத் தனி முறையில் உள்ளே விடுவதால் உங்கள் கடப்பிதழில் முத்திரையே இல்லாமல் இருக்கலாம். முத்திரை இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்பார்கள். ஏஜென்ட்டோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அதைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஏஜென்ட் இந்த வேலைக்குக் கட்டணம் கேட்கலாம், முதலிலேயே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

கடப்பிதழ் கப்பலோடு போய்விட்டது என்றால் முதலில் போலீஸ் புகார். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. அப்புறம் நம் தூதரகம்: தாய்லாந்தில் பாங்காக், தெற்கே சொங்க்லாவில் துணைத் தூதரகம், இந்தோனேசியாவில் ஜகார்த்தா, சுமத்ராவுக்கு மேடான். ஊர் திரும்புவதற்கு மட்டும் சிஜில் பெராக்குவான் செமாஸ் என்ற அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்து வீட்டுக்கு வரலாம், கப்பலைத் துரத்த முடியாது.

இருட்டுவதற்குள் அறை ஒன்று எடுத்துவிடுங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

10. துரத்துவதா, வீட்டுக்குத் திரும்புவதா

கிள்ளானில் ஏறி, பூக்கெட் பார்த்து, நேராகக் கிள்ளானுக்கே திரும்பும் மூன்று இரவுப் பயணம் என்றால் துரத்துவதற்கு ஒன்றுமே இல்லை. பூக்கெட்டில் இருந்து கோலாலம்பூருக்கு ஒன்றரை மணி நேர விமானம். விமான நிலையம் தீவின் வட முனையில் இருக்கிறது, படோங்கில் இருந்து ஒரு மணி நேரமாவது வையுங்கள். கடைசி நேர டிக்கெட் விலை பார்த்துத் தலை சுற்றினால் தரை வழியும் உண்டு. பஸ்ஸில் ஹாட்யாய், அங்கிருந்து பாடாங் பெசார் எல்லை, இந்தப் பக்கம் வந்ததும் இடிஎஸ் ரயில். முழு நாள் போய்விடும், எல்லைச் சாவடி இரவில் மூடிவிடும், அங்கேயும் அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

இன்னும் துறைமுகங்கள் பாக்கி இருக்கும் நீண்ட பயணம் என்றால், துரத்தும் முன் மூன்றைப் பாருங்கள்: கப்பல் உங்களை அங்கே ஏற்றிக்கொள்வதாக எழுத்தில் சொன்னதா, அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி உண்டா, விமானம் தாமதமானாலும் அங்கே ஒரு இரவு கையிருப்பு இருக்கிறதா.

மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 மார்ச் கடைசியில் ஆப்பிரிக்காவின் சாவ் தோமே தீவில் நார்வீஜியன் டான் கப்பலை எட்டுப் பேர் தவறவிட்டார்கள், தாங்களே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள். கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் வரை கொண்டுபோயும் ஏற்றவில்லை. பல நாடு சுற்றி காம்பியாவுக்குப் போனார்கள், அங்கே கடல் நிலை சரியில்லாமல் கப்பல் கரைக்கே வரவில்லை. அப்புறம் செனகலின் டாக்கார் வரை போய்த்தான் ஏற முடிந்தது. அடுத்த துறைமுகம் என்பது அட்டவணையில் இருக்கும் ஒரு வரி, கப்பல் அங்கே வரத்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

வயதானவர்களோடு இருந்தால் நான் எப்போதும் வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.

11. பெட்டியும் கணக்கும்

கப்பலில் இருக்கும் பெட்டியைப் பற்றி அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அறை எண், எத்தனை பெட்டி, பெட்டகத்தில் என்னென்ன, யார் வந்து வாங்குவார். போனில் சொன்னது அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாது. அதே அறையில் உங்கள் ஆள் இருந்தால் அவரே கட்டிக்கொண்டு வந்துவிடலாம். இல்லையென்றால் அறைப் பணியாளர் கட்டிவைப்பார், கப்பல் திரும்பும் அன்று டெர்மினலில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

அறைக் கணக்கையும் முடித்துவிடுங்கள். கப்பலில் உங்கள் வங்கி அட்டை பதிவாகி இருந்தால் பாக்கி அதிலேயே பிடிக்கப்படும், பில்லை மட்டும் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள், நீங்கள் இல்லாத நாளில் குளிர்பானம் குடித்ததாக இருக்கக் கூடாது. அறை, டெக்சி, விமானம், ஏஜென்ட் கட்டணம், எல்லா ரசீதும் ஒரே உறையில். இன்சூரன்ஸ் கிடைக்காது என்று நினைத்தாலும் விண்ணப்பியுங்கள், மறுப்பையாவது எழுத்தில் கொடுக்கட்டும்.

பெட்டியை வாங்கும்போது அங்கேயே திறந்து பாருங்கள், கையெழுத்து அதற்கப்புறம். பூலாவ் இண்டாவில் நாங்கள் வாங்கியபோது அண்ணியின் சேலை, செருப்பு, பெட்டகத்தில் இருந்த சங்கிலி எல்லாம் சரியாக இருந்தன. இன்சுலின் மட்டும் இல்லை. மகளுக்கு வேறு அறை, கட்டியது பணியாளர். அவர் அலமாரியைப் பார்த்திருக்கிறார், குளியலறையைப் பார்த்திருக்கிறார், ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. மின்னஞ்சலில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.